ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறுக்க முடியுமா?

"இஞ்ச வைச்சுப் பார்க்க ஏலாது அம்மா, வேற இடம் பாருங்கோ." மகனைத் தரம் 1இல் சேர்க்கப் போன அன்று எனக்குக் கிடைத்த பதில் இது. வெளியே தண்டவாளத் துண்டில் மணி அடிக்க, அவன் காதைப் பொத்திக்கொண்டு கதிரைக்குக் கீழே புகுந்திருந்தான். நான் மறுபேச்சில்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இது அதன் 23ஆம் பிரிவில் இருக்கிறது. ஓட்டிசம் என்ற சொல் சட்டத்தில் இல்லை; ஆனால் உடல் குறைபாட்டோடு மனத்திறன் சார்ந்ததையும் அது சேர்த்தே சொல்கிறது, பிறவியிலேயே வந்ததானாலும் சரி. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதோடு, 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற வசதியைப் பள்ளிக்கூடம் செய்துகொடுக்க வேண்டும் என்பது அதன் 24ஆம் உறுப்புரை.

சரி, பள்ளிக்கூடத்தில் எப்படிக் கேட்பது? வாயால் கேட்டது காற்றோடு போய்விடும், எழுத்தில் கொடுங்கள். "பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்று எழுதினால் ஆசிரியருக்கு என்ன செய்வதென்றே விளங்காது. எங்கள் இரண்டாவது கடிதத்தில் மூன்று விடயம்தான் இருந்தது: மணிக்குத் தூரமான மூலையில் இடம், காலைத் தேவாரத்தின்போது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம், அடுத்த பாடம் எது என்பதைப் படமாக மேசையில் ஒட்ட வேண்டும். வகுப்பாசிரியை தானாகவே நான்காவதைச் சேர்த்தார். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அவன் மேசையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவார். அவன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பான், கதிரைக்குக் கீழே போகமாட்டான்.

கடிதத்தை அதிபருக்கு எழுதி, கிளினிக்கில் தந்த வைத்திய அறிக்கையின் பிரதியை இணையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். கையொப்பம் வைக்க அவர்கள் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த படி வலயக் கல்வி அலுவலகம், அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். நீங்கள் இருக்கும் இடத்தை விட, பள்ளிக்கூடம் எந்த வலயம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் வாரத்தில் எத்தனை பாடவேளை மற்றப் பிள்ளைகளோடு இருப்பான் என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்பதுதான் பதிலென்றால், அது பிள்ளையை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு என்பது என் எண்ணம்.

மறுப்புக்குக் காரணம் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; அரச பாடசாலையானால் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. அடிப்படை உரிமை வழக்கென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம், அதனால் ஆறப்போடாதீர்கள்.

அப்புறம் பரீட்சை. மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் தருகிறது. விண்ணப்பம் அதிபர் வழியாகப் போக வேண்டும், வைத்திய அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசிலுக்கென்றால் தரம் 4 முடியும்போதே அதிபரிடம் பேச்சை எடுங்கள். கிளினிக்கில் திகதி கிடைக்கவே மாதக்கணக்காகலாம்.