பையன் வைத்த பை சர்வர்

"நெட் ரொம்ப மெதுவா இருக்கு" என்றுதான் தாம்பரத்தில் அந்த வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரவுட்டர் பக்கத்தில் ஷூ பெட்டி ஒன்றின் மேல் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, ராஸ்பெரி பை 4. பிளஸ் ஒன் படிக்கும் பையன், நண்பர்களோடு மைன்கிராஃப்ட் விளையாட்டு ஆட, எல்லோரும் வந்து சேரும் சர்வராக அதை அமைத்திருந்தான். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 4 ஜிபி பலகையில் நாலைந்து பேர் ஆடலாம். மாதம் முழுக்க ஓடினாலும் நாலைந்து யூனிட் கரண்ட்தான்.

ரவுட்டர் அமைப்பைத் திறந்ததும் திக்கென்றது.

"அங்கிள், ஃபிரெண்ட்ஸால உள்ள வர முடியல. ஒரு வீடியோல டிஎம்ஜெட் போடச் சொன்னாங்க, போட்டேன்."

ஆட்டத்துக்கு வேண்டியது 25565 என்ற ஒரே போர்ட், அதாவது எண்ணிட்ட ஒரே வாசல். டிஎம்ஜெட் போட்டால் வெளியிலிருந்து தட்டுகிற எல்லாமே நேராக அந்தக் குட்டிக் கணினிக்குப் போகும், தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் உட்பட. அவன் மெமரி கார்டில் எழுதியதோ ஓஎஸ்ஸின் பழைய இமேஜ்: பயனர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெரி'. இந்த ஆயத்தப் பயனரை 2022 ஏப்ரலில்தான் ராஸ்பெரி பை ஓஎஸ் நீக்கியது. யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவைத் திறந்து அவனுக்கே காட்டினேன். ரூட், அட்மின், பை என்று சில நொடிக்கு ஒரு முயற்சி. நடுவில் தெரியாத முகவரி ஒன்றிலிருந்து வெற்றிகரமான நுழைவு. உள்ளே புகுந்த நிரல் இப்போது ஊரார் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. நெட் மெதுவானது அதனால்தான். புது வித்தை ஒன்றுமில்லை. 2017-லேயே இதே கடவுச்சொல்லை வைத்து ராஸ்பெரி பைகளைப் பிடித்து கிரிப்டோ நாணயம் தோண்ட விட்ட மால்வேர் உண்டு.

இந்த மாதிரிப் பெட்டியைச் சுத்தம் பண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். சர்வரை நிறுத்தி, ஆட்ட உலகம் இருக்கும் வேர்ல்ட் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, கார்டைப் புதிதாக எழுதிவிடுங்கள். மைன்கிராஃப்டையும் புதிய பதிப்பாகவே வையுங்கள்: 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே (மைன்கிராஃப்ட் பதிவெழுதப் பயன்படுத்தும் நிரல்) ஓட்டையில், சாட்டில் ஒரு வரி தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது.

அப்புறம், முடிந்தால் போர்ட்டே திறக்க வேண்டாம். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னில், அதாவது நெட் வழியே போடும் தனி வலையில், நண்பர்களைச் சேர்த்தால் போதும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், நெட் கம்பெனி உங்களைப் பலர் பங்கிடும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. போர்ட் திறந்தும் பயனில்லை, இதுதான் வழி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நண்பன் ஒருவனுக்குக் காசு கொடுத்து வாங்கிய கணக்கு இல்லை என்று கணக்கைச் சரிபார்க்கும் ஆன்லைன்-மோடை அணைத்திருந்தான். அணைத்தால் யார் எந்தப் பெயரில் வந்தாலும் சர்வர் நம்பும். ஆப் (ஆபரேட்டர், சர்வரை நிர்வகிப்பவர்) உரிமை உள்ளவன் பெயரைப் போட்டு வருபவனுக்கு ஆப் உரிமையும் சேர்ந்தே கிடைக்கும். அங்கே வொயிட்லிஸ்ட், அதாவது அனுமதித்தவர்களின் பெயர்ப் பட்டியல், இருந்தும் இல்லாததுதான்.

ஆன்லைன்-மோடைத் திரும்பப் போட வைத்தேன். ஆனால் மோடு மாறினால் ஆட்டக்காரர்களின் அடையாள எண்ணும் மாறும், பழைய சாமான் வராது. கோட்டை அப்படியே நின்றது. கையில் இருந்த வைரக் கத்தி போய்விட்டதென்று அந்த வீட்டுப் பையன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.