பாட்டுக்குக் கை ஏன் நடுங்குகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அப்பா குடியை விட்டு ஒன்றரை வருசம். ஆனால் ரேடியோவில் கண்ணதாசனின் சாவுப் பாட்டுப் போனால் வேர்க்குது, கை நடுங்குது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கேல்லை, பிறகு ஏன்? செய்வினை என்று நூலும் கட்டியாச்சு."

தன் குடியை ஒளிக்காமல் எழுதிய கவிஞர் அவர், 1981இல் 54 வயதில் போய்விட்டார். அவருடைய பாட்டும் தவறணையும் பின்னேரமும் அந்த அப்பாவுக்கு ஒன்றாகவே பழகியிருக்கும். விசயம் அங்கேதான் இருக்கிறது.

மது மூளையின் பிரேக்கை அழுத்துகிறது. தினமும் அழுத்தினால் மூளை பிரேக்கைத் தளர்த்தி ஆக்சிலேட்டரைக் கூட்டிச் சமன் செய்யும். அதனால்தான் முதலில் ஒரு போத்தலில் வந்த வெறி பிறகு மூன்றில்தான் வருகிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்தது அடுத்த படி. மூளை மது உள்ளே வரும்வரை காத்திருப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் மணியடித்துப் பழக்கிய பாவ்லோவின் நாய்க்குப் பிறகு வெறும் மணிச்சத்தத்துக்கே எச்சில் ஊறியது போல, மது வரப்போகிறது என்று காட்டும் எதைக் கண்டாலும், கள்ளின் புளித்த மணமோ ஆறு மணி இருட்டோ ஒரு பாட்டின் முதல் வரியோ, அது முன்கூட்டியே எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். மது வந்தால் இரண்டும் சமனாகும். வராவிட்டால் அந்த இழுப்பு மட்டும் தனியே நிற்கும், அதுதான் வேர்வை, நடுக்கம், தவிப்பு.

கனடாவில் ஷெப்பர்ட் சீகல் 1982இல் இதை எலிகளில் காட்டினார். ஒரே அறையில் ஹெரோயின் கொடுத்துப் பழக்கிய எலிகளுக்குப் பெரிய அளவு மருந்தை அதே அறையில் கொடுத்தபோது 32 சதவீதம் செத்தன. வேறு அறையில் கொடுத்தபோது 64 சதவீதம். மருந்தும் அளவும் ஒன்றுதான், மாறியது அறை மட்டும்! பழகிய இடம் உடம்பைத் தயார்ப்படுத்தியது, புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை. இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

தங்கச்சி, அப்பாவுக்கு அந்தப் பாட்டுத்தான் மணி. செய்வினை இல்லை. நூல் கட்டினவர்களில் எனக்குக் கோபமில்லை, ஆனால் நூலை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருப்பதில் கோபம் உண்டு. நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஒருக்கால் காட்டுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், அவரையும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

2009க்குப் பிறகு துக்கத்தோடு குடிக்கத் தொடங்கியவர்கள் வன்னியில் எங்கும் இருக்கிறார்கள். எந்த ஓசை, எந்த மணம் அவர்களைத் திரும்ப இழுக்கிறது என்று பக்கத்தில் இருந்து கேட்டு எழுத இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், எலிக்கூண்டுகூட வேண்டாம். அந்தக் காசு கட்டாயம் வர வேண்டும்.

சரி, பாட்டை நிறுத்துவதா? குடிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டால் இழுப்புக் குறையும். ஆனால் பழைய பழக்கம் அழிவதில்லை, அதன் மேல் புதுசு ஒன்று படிகிறது, அவ்வளவுதான். வீட்டில் பழகிய அமைதி தவறணை வாசலில் கைவிட்டுவிடலாம், அந்தப் பக்கம் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பாட்டு வந்தால் பக்கத்தில் இருந்து ஒரு தேத்தண்ணி கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் தவிப்பு இறங்கும்.