ராம்ப் போட்டாச்சு மேடம்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் புழங்க வசதி இருக்கிறதா என்று பார்க்க இந்த வருடத்தில் நான் போன நான்காவது பள்ளி இது. வியாசர்பாடிப் பக்கம் புதிதாக எழுந்த கட்டடம், பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. வாசலிலேயே தாளாளர் சொன்னார்: "ராம்ப் போட்டாச்சு மேடம், நீங்க பார்த்து ஓகே சொன்னா போதும்."

என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒன்பது வயதுப் பையனும் அவன் அம்மாவும் உடன் வந்திருந்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை. வீல்சேரைத் தானே உருட்டக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது. ராம்ப் என்று அவர் சொன்ன அந்தச் சாய்தளத்தில் இரண்டடி ஏறினான், சக்கரம் பின்னால் உருண்டது. அம்மா ஓடிவந்து பிடித்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தம் கட்டி மேலே தள்ளினார். பையன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் சக்கரத்தைத் தொடவே இல்லை.

டேப் பிடித்து அளந்தேன். தரையிலிருந்து வாசல் 3 அடி உயரத்தில் இருக்கிறது, சாய்தளத்தின் நீளம் 12 அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. அங்கே வேண்டியது 36 அடி. "அவ்வளவு இடத்துக்கு எங்கே போறது?" என்கிறார் இன்ஜினியர். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வடசென்னையில் எல்லாரும் தரையை உயர்த்தித்தான் கட்டுகிறோம், சரி. உயர்த்துகிற அன்றே சாய்தளத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டாமா? நேராக இடமில்லையென்றால் மடக்கிப் போடலாம். திரும்பும் இடத்தில் 5 அடிச் சதுரம் சமதளமாக விடுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

ஆனால் சாய்தளம் போட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடுவது 21 வகைக் குறைபாடுகளை. பள்ளிக் கட்டடமும் வளாகமும் அந்தப் பிள்ளைகள் புழங்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. காது கேளாத பிள்ளைக்கு ராம்ப் என்ன செய்யும்? டீச்சரின் வாயசைவு தெரிய வேண்டும். டீச்சர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் வைத்தால் முகம் இருட்டாகிவிடும். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்குப் படியும் தரையும் ஒரே பளபள டைல்ஸாக இருந்தால் விளிம்பு தெரியாது. ஒவ்வொரு படி முனையிலும் மஞ்சள் பட்டை அடிக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம்தான் பெரிய சோதனை. அந்தப் பள்ளியில் சிறப்புக் கல்வி அறையை ஒதுக்கியிருந்தது கடைசி மூலையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். வெளியே கன்டெய்னர் லாரிகள் போகும் ரோடு. உள்ளே வெறும் சிமென்ட், டைல்ஸ், கண்ணாடி. கை தட்டிப் பார்த்தேன், கணீரென்று எதிரொலித்தது. காதுக் கருவி போட்ட பிள்ளைக்கு அந்த எதிரொலியும் சேர்ந்தே பெரிதாகக் கேட்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்காரும். அதை அடம் என்று டயரியில் எழுதி அனுப்பாதீர்கள், தயவுசெய்து. சுவரில் சாஃப்ட் போர்டு, கனமான திரை, தரையில் பாய் என்று போட்டாலே எதிரொலி நன்றாகக் குறையும்.

அந்த அறையை மற்ற வகுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். ஒரு பீரியட் வந்து பயிற்சி எடுத்துவிட்டு, பிள்ளை தன் வகுப்புக்கே, தன் சிநேகிதர்களிடமே திரும்பிப் போக வேண்டும். நாள் முழுக்க அங்கேயே உட்கார வைப்பதற்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயரில்லை.

நாங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் விசாரிப்பது, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான். இங்கே அலுவலக அலமாரியில் இருந்தது. திறந்தால் துடைப்பம், பினாயில் கேன், உடைந்த நாற்காலி. பூட்டாதீர்கள், ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். கதவு 3 அடி அகலத்தில், வெளிப்பக்கம் திறக்கட்டும். கைப்பிடியைக் குழந்தை உயரத்துக்கு வையுங்கள்.

கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால், பிளான் காகிதத்தில் இருக்கும்போதே, பக்கத்திலுள்ள ஒரு சிறப்பாசிரியரையும் இப்படிப்பட்ட பிள்ளையின் அம்மா ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேர வேலை.

அந்தப் பள்ளியில் பக்கச் சுவரை ஒட்டி மடக்குச் சாய்தளம் போட இடம் இருக்கிறது. அளந்து வரைந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டை மட்டும் நகர்த்த வேண்டும்.