ஐப்பசி மத்திக்கு ஏன் இத்தனை நெய்?

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறன்று சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு மாதமாகக் கவுச்சி தொடாத சேலத்துக்காரர்கள் பையோடு முண்டியடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கிலோ மத்தி வாங்கினேன். கேரளக் கரை மீன் என்றார் கடைக்காரர். வெட்டித் தரும் அக்கா வயிற்றைக் கீறியதும் குடலிலிருந்து கரும்பச்சையாக ஏதோ வழிந்தது. அவர் விரல்களில் எண்ணெய் மினுங்கியது. கோடையில் வரும் மத்தி சருகு மாதிரி இருக்கும், இப்போதுதான் நெய் வைத்திருக்கிறது என்றார்.

அந்தப் பச்சை, கடலில் மிதக்கும் நுண்பாசி. அது வளர வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது. உரமோ, செத்த உயிர்கள் மூழ்கி மட்குவதால் கீழே சேர்கிறது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குளிரும். கடலில் கீழே போகப் போகக் குளிரும். சூடான மேல்நீர் லேசானது, குளிர்ந்த அடிநீர் கனமானது. இரண்டும் தாமாகக் கலப்பதில்லை.

கலக்கிவிடுவது பெரும்பாலும் காற்றுதான். தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி வீசும் காற்று தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். அது தள்ளும் மேல்நீர் நேராகத் தெற்கே போய்விடாது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்பக்கம் விலகும். தெற்கு பார்த்து நின்றால் வலக்கை மேற்கே, அதாவது ஆழ்கடல் பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலக, காலியான இடத்துக்கு அடிநீர் உரத்தோடு ஏறி வருகிறது. வடதுருவக் கடலில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக மிதந்து போவதை 1890களில் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டு 1905இல் விளக்கியவர் சுவீடனின் கடல் ஆய்வாளர் எக்மன்.

ஏறி வரும் நீரில் பிராணவாயு குறைவு என்பது இதன் மறுபக்கம். தரையோடு வாழும் மீன்கள் மூச்சுத் திணறி இடம் பெயரும். பாசி தின்னும் மத்திக்கோ விருந்து. பருவமழையில் தின்றதுதான் ஐப்பசியில் நெய்யாக நிற்கிறது.

அப்படியானால் நம் கிழக்குக் கரையில்? அதே பருவத்தில் இங்கே காற்று வடக்கு நோக்கிச் சாய்கிறது, வலப்பக்கம் வங்கக்கடல். கணக்குப்படி இங்கும் அடிநீர் எழ வேண்டும், ஓரளவு எழவும் செய்கிறது. ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், வங்கக்கடலின் மேல் ஒரு மூடி போலப் படிந்துவிடுகிறது. அதைக் காற்றால் எளிதில் உடைக்க முடிவதில்லை.

நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். வடக்கிலிருந்து ஓடினால் வாநீவாடு, தெற்கிலிருந்து என்றால் சோநீவாடு. ஐப்பசிக்குப் பின் ஓடும் வாநீவாடு, வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீரை இலங்கையைச் சுற்றிக் கேரளக் கரைவரை கொண்டுபோகிறது. மேட்டூரைத் தாண்டிய காவிரியும் அதில் கொஞ்சம் இருக்கலாம், கடலுக்கு ஏதாவது மிஞ்சியிருந்தால்.

கடல் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி படியளப்பதில்லை. கேரளத்தில் 2012இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் 3,500 டன்கூடத் தேறவில்லை.

அக்கா அந்தப் பச்சைக் குடலை வாளியில் வழித்துப் போட்டுவிட்டு அடுத்தவர் பையை வாங்கினார்.