டயரின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்ததுண்டா?

"எந்தக் கம்பெனி டயர் போடலாம் சார்?" என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு பேராவது கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு பெயரையும் சொல்லிவிடுவார்கள். மைத்துனர் அதைத்தான் போட்டிருக்கிறாராம், அருமையாக ஓடுகிறதாம். மைத்துனருக்கு என்ன வண்டி, எந்த மாதிரி சாலை, எவ்வளவு பாரம் ஏற்றுகிறார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

டயர் கழற்றுவதும் மாட்டுவதும் என் தொழில். கழற்றிய டயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வெளியே பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதி, நன்றாக இருக்கும், உள்ளே கையில் கறுப்பு ரப்பர் தூள் ஒட்டும். காற்றுக் குறைவாகவே நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓரம், அதாவது டயரின் பக்கச் சுவர், உள்ளுக்குள் அரைபட்டுப் போயிருக்கும். அந்த டயரை நான் திரும்ப மாட்டித் தர மாட்டேன், எவ்வளவு பெரிய பெயர் அதில் எழுதியிருந்தாலும் சரி.

பெரிய பெயர் என்றதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நினைவு வருகிற கதை ஒன்று உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தக் கம்பெனி தொடங்கி அப்போது 100 ஆண்டு. நேற்று முளைத்த கடை இல்லை. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்த டயர்கள் அவை. வேகமாகப் போகும்போது பட்டன் உள்ள மேல்பகுதி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பிப் பட்டையை விட்டு உரிந்து வந்தது. வண்டிகள் உருண்டன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணத்தைத் தேடியபோது ஒன்றாகக் கிடைக்கவில்லை. டெகாடர் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தவற்றில் கோளாறு அதிகம். வெயில் கடுமையான பகுதிகளில் அதிகம். வண்டிக் கம்பெனி வைக்கச் சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). 30 வைக்க வேண்டும் என்று டயர் கம்பெனி பிறகு சொன்னது. காற்றுக் குறைந்தால் ஓரம் அதிகமாக வளையும், வளைந்தால் சூடேறும், சூடேறினால் உள்ளே ஒட்டு விடும். காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள டாஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கை அமெரிக்காவில் கட்டாயமாக்கியது, இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த சட்டம்தான்.

ஆக, ஒரே பெயர், ஒரே மாடல், ஆனால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறு டயர். இதை அந்தக் கம்பெனியைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தவறே செய்யாத டயர் கம்பெனி எனக்குத் தெரிந்து இல்லை. எந்தத் தொழிற்சாலையில், எந்த வாரத்தில் செய்தது என்று டயரிலேயே எழுதி, கோளாறு என்றால் திரும்பக் கூப்பிடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. என் கணக்கில் அதுதான் நம்பகமான பிராண்ட். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெளிவாக இல்லாத டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பெயருக்கும் முதலாளிக்கும் உள்ள உறவும் நாம் நினைக்கிற மாதிரி நேராக இருக்காது. யூனிராயல் என்ற பெயர் வட அமெரிக்காவில் மிஷலினுக்குச் சொந்தம், ஐரோப்பாவில் கான்டினென்டலுக்குச் சொந்தம். ஒரே பெயரில் இரண்டு பெரிய போட்டியாளர்கள்! "அந்த பிராண்ட் உலகம் முழுக்க ஒரே தரம்" என்று யாராவது சொன்னால் நான் சிரித்துக்கொள்வேன். பெயரோடு மாடலையும் கேளுங்கள். ஒரே கம்பெனி மழைக்கு ஒன்று, நீண்ட ஓட்டத்துக்கு ஒன்று, கரடுமுரடுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறது. வண்டியோடு வந்த டயரும் கடையில் கிடைக்கும் அதே பெயர் டயரும்கூட ஒன்றாக இல்லாமல் போகலாம். பிஎம்டபிள்யூவுக்காகச் செய்ததில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், போர்ஷேவுக்குச் செய்ததில் 'என்' எழுத்தும் எண்ணும் இருக்கும்.

சரி, ஓரத்துக்கு வருவோம். 185/65 ஆர் 15 88 எச் என்று இருக்கிறது என்று வையுங்கள். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது ஓரத்தின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், 15 ரிம்மின் அளவு, அங்குலத்தில். இதுவரை எல்லாக் கடையிலும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடைசியில் இருக்கும் 88 எச் பக்கம்தான் பலருக்குப் பார்வை போவதில்லை. 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. வெறும் ஆறு எண் வித்தியாசம், நான்கு டயருக்குச் சேர்த்தால் 340 கிலோ குறைகிறது. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, டி (T) என்பது 190 வரை. "நான் என்ன 200-லா போகப் போகிறேன்?" என்பார்கள். சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அந்த எழுத்துதான் அடையாளம் என்று சொல்லுவேன். வண்டிக் கம்பெனி கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதற்குக் கீழே போகாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது வயது. டிஓடி (DOT) என்று தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. "என் டயரில் தேதியே இல்லையே" என்று பலர் சண்டைக்கு வருவார்கள். முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்புறமாக மாட்டியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். புது டயர் வாங்கும்போது மாட்டுவதற்கு முன்பே நான்கிலும் பார்த்துவிடுங்கள். ஓடாமல் நிற்கிற டயரும் கிழடாகும். ரப்பரில் கலந்திருக்கும் ஒரு வகை மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேலே வந்து, காற்றில் கலந்திருக்கும் ஓசோன் வாயுவிலிருந்து ரப்பரைக் காக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டயரில் நூல் நூலாக வெடிப்பு விழுவது இதனால்தான். ஐந்து ஆண்டு ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்லியும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றச் சொல்லியும் பெரிய கம்பெனிகளே அறிவுரை தருகின்றன.

டிரெட்வேர் 400, 500 என்று ஒரு எண் இருக்கும். அதிகமானால் நீண்ட நாள் உழைக்கும் என்று பொருள். அந்த எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிடப் பயன்படும். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே நான் அதை நம்புவதில்லை. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் அதில் மழைப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள், பெட்ரோல் சிக்கனத்தை அப்புறம் பார்க்கலாம். உழைப்பு, ஈரத்தில் பிடிப்பு, எளிதாக உருளுவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள். மூன்றும் எங்கள் டயரில் உச்சம் என்று விற்கிறவர் விற்கத்தான் செய்வார்.

வாரண்டி பற்றிக் கொஞ்சம். ஓரத்தில் முட்டை மாதிரி புடைத்துவிட்டது, கம்பெனி மோசம் என்று கோபமாக வருகிறவர்கள் அதிகம். பள்ளத்தின் விளிம்பில் அடிபடும்போது டயர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, ஓரத்திலுள்ள நூல்கள் அறுகின்றன. காற்று அந்த இடத்தில் தள்ளுகிறது. பெரும்பாலும் வாரண்டியில் இது வராது, ஓரம் குட்டையான டயரில் சீக்கிரம் நடக்கும். அதை வைத்து பிராண்டை எடைபோடுவது நியாயமில்லை. உடனே மாற்ற வேண்டியது மட்டும் உண்மை.

இரண்டு டயர்தான் இப்போது மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுவேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டியிலும் அப்படித்தான். இதற்குச் சண்டை போடாத வாடிக்கையாளர் குறைவு. ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும். அதைத் திருத்துகிற கை எல்லோருக்கும் இல்லை. பட்டனுக்கு நடுவிலுள்ள பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், பட்டனோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். மழைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றுவது நல்லது.

பழைய டயர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். நான் மாட்டித் தருவதில்லை. முன்பு ஒட்டிய இடமும், காற்றில்லாமல் ஓடிய தூரமும் வெளியே தெரியாது.

என் ஸ்டெப்னியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் தேதி பார்க்கச் சொல்கிற நான், ஒரு இரவில் பஞ்சராகி அதை எடுத்து மாட்டினேன். பட்டன் அச்சு அசலாகப் புதிது. கொஞ்ச தூரத்தில் ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியது. இறங்கி டார்ச் அடித்தேன்: ஓரம் முழுக்க வெடிப்பு, ஒரு இடத்தில் மேல்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கிறது. குறியீட்டைப் படித்தபோது பதினோரு வயது. நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர விடிந்துவிட்டது. மறுநாள் பணிமனையில் பையன்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள்.