ரயில் வராத பாலத்தை எங்கே நின்று பார்ப்பது?

கைவிடப்பட்ட ரயில் பாலத்தின் முன் போய் நின்றால் யாருக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடும். நூறு டன் இன்ஜினையே தாங்கிய பாலம், எழுபது கிலோ ஆளைத் தாங்காதா? பாலம் தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்களைத் தாங்கப்போவது பாலம் அல்ல, காலுக்கு அடியில், தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஒற்றை ஸ்லீப்பர் கட்டை.

அந்தக் கட்டை உளுத்துப்போகும் விதம் விசித்திரமானது. மேல்பக்கம் வெயிலில் காய்ந்து, சாம்பல் நிறமேறி, தட்டிப் பார்த்தால்கூட கெட்டியாகத்தான் இருக்கும். தண்டவாளத்தைப் பிடித்துவைக்க அடித்த ஆணியின் துளை வழியே மழைநீர் இறங்கிவிடுகிறது. இறங்கிய நீர் சீக்கிரம் காய்வதில்லை. மரத்தைக் காக்கப் பூசிய எண்ணெயும் பெரும்பாலும் வெளி அடுக்கோடு நின்றிருக்கும். நடுவில் பூஞ்சைக்கு விருந்துதான். வெளியே ஓடு, உள்ளே பஞ்சு. காலை வைக்கும்வரை தெரியாது.

சரி, ஏறப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்றால் அங்கே போகும் வழியைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும் என்பதால் ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பதே ரயிலுக்குக் கவனிக்கத்தக்க ஏற்றம். அதனால்தான் பழைய ரயில் பாதையில் நடப்பது அவ்வளவு சுகம். மேடு வந்தால் பாதை அதை வெட்டிக்கொண்டு போகும், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டிய கரைமேல் போகும். மூச்சு வாங்காது, கால் வலிக்காது. புதர் விலகியதும் திடீரென்று பாலத்தின் வாயில் நிற்பீர்கள். இந்தச் சுகம்தான் வம்பு. இரு பக்கமும் தரை தாழ்ந்துகொண்டே போய், நீங்கள் நடக்கும் கரை மட்டும் உயர்ந்து நின்றால் பாலம் நெருங்குகிறது என்று பொருள். அங்கேயே பக்கவாட்டில் நல்ல வழி இருந்தால் இறங்கிவிடுவது நல்லது. பாலம் கரையைத் தொடும் இடத்தில் ஒரு தாங்குசுவர் இருக்கும். அதன் விரிசல்கள் வழியே மழைநீர் பின்னாலிருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துப் போயிருக்கலாம். மேலே புல், கீழே பொந்து.

பாலத்தின் இரும்பு விஷயத்துக்கு வருவோம். ரயில் நின்றுவிட்டால் பாலத்துக்கு ஓய்வு என்றுதான் தோன்றும். தன் சொந்த எடையை அது இரவும் பகலும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. நின்றுபோனது சாயம் அடிக்கும் ஆளும், பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும் ஆளும். தூணுக்குத் தூண் கிடக்கும் அறுபது மீட்டர் எஃகு கர்டர், அதாவது உத்தரம், குளிர்ந்த விடியலுக்கும் கொதிக்கும் மதியத்துக்கும் இடையே முப்பது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் தூணின் தலையில் பேரிங்காக உருளைகள் இருக்கின்றன. உருளை துருவேறி இறுகிவிட்டால், கர்டர் நீளும்போதெல்லாம் தூணின் தலையைத் தள்ளும், சுருங்கும்போது இழுக்கும். துரு இன்னொரு வேலையும் செய்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். ரிவெட் என்ற தலை தட்டிய இரும்பு ஆணி அடித்து ஒட்டவைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் தகடுகள் உப்பிக்கொண்டு விலகும், சில ரிவெட்டுகளின் தலை தெறித்துவிடும்.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் கின்சுவா பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1882இல் இரும்பில் கட்டி, 1900இல் எஃகில் மறுபடி கட்டினார்கள். உயரம் 92 மீட்டர், நீளம் 625 மீட்டர். மறுபடி கட்டியபோது, பாலத்தைத் தாங்கும் கோபுரங்களை அடித்தளத்தோடு பிணைக்கும் 1882ஆம் ஆண்டின் பழைய போல்ட்டுகளை அப்படியே விட்டு, அவற்றோடு புதியவற்றை இணைத்தார்கள். சரக்கு ரயில்கள் 1959இல் நின்றன. பிற்பாடு சுற்றுலா ரயில் சில ஆண்டுகள் ஓடியது. 2002இல் துருவைப் பார்த்து அதையும் நிறுத்தி, அடுத்த ஆண்டு பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 2003 ஜூலை 21 அன்று ஒரு சுழற்காற்று (டொர்னாடோ) பக்கவாட்டில் அடித்தது. இருபது கோபுரங்களில் பதினொன்று அரை நிமிடத்தில் விழுந்தன.

ரயிலின் எடை கோபுரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும், அப்போது அடி போல்ட்டுக்குப் பெரிய வேலை இல்லை. பக்கவாட்டுக் காற்று கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும், காற்று வரும் பக்கத்துக் காலைத் தரையிலிருந்து பிடுங்கும். அந்த நேரத்தில்தான் போல்ட் இழுத்துப் பிடிக்க வேண்டும். நூற்றிருபது ஆண்டு துரு தின்ற போல்ட்டால் அது முடியவில்லை.

ஆற்றுக்குள் நிற்கும் தூண் என்றால் கதை வேறு. வெள்ளம் தூணில் மோதி, கீழ்நோக்கித் திரும்பி, அடியில் சுழன்று மணலைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது புதுமணல் வந்து அதே குழியை மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் புதுமணலுக்குப் பழைய தரையின் இறுக்கம் இருக்காது.

அப்படியானால் நிற்க வேண்டிய இடம் எது? பாலத்துக்கு அடியில் இல்லை. முப்பது மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு ஜல்லிக்கல் தரையைத் தொட இரண்டரை வினாடி, அப்போது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். ஆறு அறுத்துக்கொண்டிருக்கும் கரை விளிம்பும் வேண்டாம். பக்கவாட்டில், வெள்ளம் எட்டாத உயரத்தில், கெட்டியான பாறை அல்லது பொதுவழி இருக்கிற இடமாகப் பாருங்கள். வேலியோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் அதற்கு இந்தப் பக்கம்தான்.

தூரம் போதுமா என்று பார்க்க உங்கள் கையே கருவி. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி. தூணின் அடியிலிருந்து தண்டவாளம்வரை நாலரை முஷ்டி வந்தால், நீங்கள் ஏறத்தாழ பாலத்தின் உயரம் அளவு தூரத்தில்தான் நிற்கிறீர்கள். சாய்ந்தால் உங்கள்மேல். இரண்டு முஷ்டிக்குள் அடங்கும்வரை பின்னால் போங்கள். அப்போது தூரம் உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் கூடுதலாகிவிடும்.

பின்னால் வந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. கிட்டே நின்றால் தெரியாத கோணல் இங்கிருந்து தெரியும். தண்டவாளக் கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், எங்கேனும் தொய்வு இருந்தால் அகப்பட்டுவிடும். காலையோ மாலையோ சாய்வெயிலில் பைனாகுலரைத் தூணின் தலைக்குத் திருப்பினால், உருளைக்குக் கீழே கல்லில் ஓடும் விரிசலும், உப்பிய தகடுகளின் நிழலும், ரிவெட் இருந்த இடத்தில் வட்டமான வெற்றுத் துளையும் தெரியும்.

கின்சுவாவில் இந்த வேலையை மேலிருந்தே செய்யலாம். தப்பித்தவற்றில் ஆறு கோபுரங்களைப் பலப்படுத்தி, 2011இல் நடைமேடையாகத் திறந்தார்கள். அது பள்ளத்தாக்கின் நடுவே வந்து சட்டென்று நின்றுவிடும். கடைசியில் தரையில் கொஞ்சம் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். விழுந்த கோபுரங்களை அப்புறப்படுத்தவில்லை, சாய்ந்த சாய்வில் அப்படியே கீழே கிடக்கின்றன.