தேயிலைக்குள் சிவப்பு முளை அடித்தால்

உயர் அழுத்த மின்கம்பி போகும் வழியில் யாருக்கு என்ன இழப்பு என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என் தொழில். மலையகத்தில் பல வருடமாக இதைச் செய்து வருகிறேன். எத்தனையோ படிவம் நிரப்பியாயிற்று. ஆனாலும் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பார்த்த பேரிக்காய் மரம் மனதை விட்டுப் போகவில்லை.

லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் சரிவில் நாலு பாத்தி லீக்ஸ், கொஞ்சம் பீட்ரூட், ஓரத்தில் அந்த மரம். அதற்கு மேலே தேயிலைக்குள் கம்பி வழியைக் குறிக்கச் சிவப்புப் பெயின்ட் பூசிய முளைக்கம்பு அடித்திருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்காவிடம் மரம் யாருடையது என்று கேட்டேன். "நட்டது எங்கம்மா. ஆனா நிலம் தோட்டத்துக்குத்தானே தம்பி, நமக்கு என்ன தரப் போறாங்க?" என்றார். எங்களுக்கு முன்னே வந்த குழு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலில் சரிவு முழுக்கத் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தது.

அந்த அக்கா நினைத்தது சரியல்ல, கம்பிக்குக் கடன் தரும் வெளிநாட்டு வங்கியின் நிபந்தனை வேறு சொல்கிறது. எத்தனையோ பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மலைக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததல்ல. இலங்கைக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடனே 1954 இல் லக்சபான நீர்மின் திட்டத்துக்குத்தான். தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலைத் திட்டத்துக்கு 2002 இல் ஜப்பான் 33 பில்லியன் யென்னுக்கு மேல் கடன் கொடுத்தது. 150 மெகாவாற் நிலையம் 2012 இல் திறக்கப்பட்டது. மின்கம்பி வழிகள், உபமின்நிலையங்கள், கிராமங்களுக்கு மின் இணைப்பு என்று ஆசிய அபிவிருத்தி வங்கியும் பல தடவை கடன் தந்திருக்கிறது.

இந்தப் பணம் நேரே மின் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுவதில்லை. வழக்கமாக அரசுதான் கடன் வாங்கும். பிறகு அரசும் அந்த நிறுவனமும் தமக்குள் இன்னொரு உடன்படிக்கை செய்துகொள்ளும். வேலை நடக்க நடக்கத்தான் பணம் பகுதி பகுதியாக வரும். ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறினால் மிச்சப் பணத்தை நிறுத்தி வைக்க வங்கிக்கு உரிமை உண்டு. அந்த நிபந்தனைகளில் ஒன்று, கம்பி போகும் வழியில் இருக்கும் மக்களுக்கு நட்டம் வரக்கூடாது என்பது.

ஆசிய அபிவிருத்தி வங்கி 2009 இல் கொண்டுவந்த பாதுகாப்புக் கொள்கையை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவருக்கும் அவர் நட்ட பயிருக்கும் மரத்துக்கும், கட்டிய கொட்டிலுக்கும் நட்டஈடு உண்டு என்று அது சொல்கிறது. நிலத்தின் விலைதான் கிடைக்காது. லயத்தில் பிறந்து, பெயரில் ஒரு அடி நிலமும் இல்லாத நமக்கு இதைவிட முக்கியமான வரி அதில் இல்லை. 2024 இல் வங்கி அதற்குப் பதிலாகப் புதிய கட்டமைப்பு ஒன்றை அங்கீகரித்தது. ஆகவே உங்கள் பக்கம் வரும் திட்டம் எதன் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. கணக்கெடுப்புக்கு ஓர் இறுதித் திகதி வைப்பார்கள். அதற்குப் பிறகு நட்டதும் கட்டியதும் கணக்கில் சேராது. தோட்டத்தில் அறிவித்தல் பெரும்பாலும் அலுவலகச் சுவரோடு நின்றுவிடும், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்களின் காதுக்கு வராது. அதனால் முளையைக் கண்டவுடனேயே கிராம அலுவலரிடம் போய் இறுதித் திகதியைக் கேளுங்கள். மரத்தையும் பாத்தியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வருபவர் எழுதிய படிவத்தில் பிரதி கேளுங்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பாதிக்கப்படுபவருக்குப் புரியும் மொழியில் விபரம் தர வேண்டும் என்பதும் அதே கொள்கையில் இருக்கிறது, தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

உயரமான மரத்தைத்தான் வெட்டுவார்கள். தேயிலை கம்பிக்குக் கீழே இருக்கலாம். டவர் நிற்கும் இடத்தில் மட்டும் செடி போகும்.

சரி, கடனை யார் கட்டுகிறார்கள்? கடைசியில் பில் கட்டும் நாமும், வரி கட்டும் நாமும்தான். கடன் டொலரிலும் யென்னிலும் இருக்கும், நாம் கட்டுவது ரூபாயில். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது அதே கடன் ரூபாய்க் கணக்கில் வீங்கிவிட்டது. அன்றைய கட்டண உயர்வுக்குத் திட்டக் கடன் மட்டும் காரணமல்ல. டொலரில் வாங்கும் நிலக்கரியும் எண்ணெயும், செலவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் சேர்ந்துதான் அடித்தன. மாதம் 30 யுனிட் எரிக்கும் வீட்டுக்கு 2022 ஓகஸ்டுக்கு முன் நிலையான கட்டணத்தோடு 105 ரூபாய் வந்தது. 2023 பெப்ரவரி உயர்வோடு அது 1,300 ஆனது. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். பிறகு குறைத்தார்கள் என்றாலும், அந்த மாதங்களில் லயத்தில் லைட்டை அணைத்துவிட்டுக் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளை நான் பார்த்தேன். இவ்வளவையும் சுமப்பவர்களுக்குத் தங்கள் மரத்துக்கு விலை கேட்க முழு உரிமை இருக்கிறது.

கேட்டும் கிடைக்காவிட்டால் முதலில் திட்ட அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் முறையிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பட்டியலையே கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன் என்றால் வங்கி முறைப்பாடுகளை ஏற்க வைத்திருக்கும் பொறுப்புக்கூறல் பொறிமுறைக்கே எழுதலாம். பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டு முறையிடப் பயப்படுபவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தை நான் எப்போதும் இரண்டு தரம் சொல்வேன்.

அந்த அக்காவின் பெயரைச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து கொடுத்த மனுதான் வேலை செய்தது. மரத்தை வெட்டிவிட்டார்கள். நட்டஈட்டுப் படிவத்தின் பிரதியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அடையாள அட்டைக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்திருக்கிறார். போன தடவை போனபோது எடுத்துக் காட்டினார்.